இரு கரைகளின் எழுத்தாளர்: எய்னார் க்வாரன்

நுழையும்முன்

பிழைப்பைத் தேடியும் கல்வியை நாடியும் மக்கள் ஊர்விட்டு ஊர் செல்வது உலகெங்கும் நிகழ்வது. செல்லும்போது பெட்டியில் எடுத்துச் செல்லும் பொருள்கள் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். நாவில் எடுத்துச் செல்லும் மொழியோ, பேசவும் படிக்கவும் எழுதவும் ஆள் இருக்கும்வரை வாழும். மிகச் சிறிய நாடொன்றின் மக்கள் பெருங்கடல் கடந்து குடியேறியபோது, அவர்களுக்காக அவர்கள் மொழியில் வாரந்தோறும் எழுதிய ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

பனி நிலத்தில் பிறப்பு

ஐரோப்பாவின் வடமேற்கே, அட்லாண்டிக் பெருங்கடலில் அமைந்த தீவு ஐஸ்லாந்து. எரிமலைகளும் பனிப்பாறைகளும் நிறைந்த அந்நாட்டில் ஆடு வளர்த்தலும் மீன்பிடித்தலுமே பழந்தொழில்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பெரும்பாலும் நார்வே நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்களே அந்நாட்டு மக்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டை ஒட்டிய காலத்தில் அவர்கள் தம் முன்னோரின் வரலாறுகளைச் 'சாகா' என்னும் நீண்ட உரைநடைக் கதைகளாக எழுதி வைத்தனர். நீண்ட குளிர்கால இரவுகளில் வீட்டார் அனைவரும் ஓரறையில் அமர்ந்து கம்பளி நூற்பர். ஒருவர் விளக்கொளியில் அக்கதைகளை உரக்கப் படிப்பார். வறுமை மிகுந்த அந்நாட்டில் படிப்பு அற்றுப் போகாமல் காத்தது இவ்வழக்கமே.

இத்தகைய நாட்டில், கிழக்குப் பகுதியில் உள்ள வல்லனெஸ் என்னும் ஊரில், 1859ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் எய்னார் பிறந்தார். தந்தையார் ஹியோர்லெய்வுர் ஒரு பாதிரியார். ஐஸ்லாந்து மக்களுக்குக் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயரோடு மகன் என்னும் பொருள்தரும் சொல்லைச் சேர்த்து வழங்குவர். ஆகவே இவர் எய்னார் ஹியோர்லெய்ஃப்சன் என அழைக்கப்பட்டார். க்வாரன் என்னும் பெயரை நடுவயது கடந்த பின்னரே சூட்டிக்கொண்டார். இன்று அவரை உலகம் அறிவது அப்பெயராலேயே.

தந்தையின் பணி காரணமாகக் குடும்பம் நாட்டின் வடபகுதிக்குச் சென்றது. அங்குள்ள பண்ணை வீடுகளிடையே எய்னார் வளர்ந்தார். பிறர் பண்ணையில் உழைத்து வாழ்ந்த ஏழைகள், வேலைக்காரப் பெண்கள், ஆதரவற்ற முதியோர் ஆகியோரை அவர் இளமையிலேயே அருகிருந்து கண்டார். பிற்காலத்தில் அவர் கதைகளில் இடம்பெற்றவர் பெரும்பாலும் இத்தகைய எளியோரே.

கோபன்ஹேகனில் நான்கு நண்பர்கள்

அக்காலத்தில் ஐஸ்லாந்து டென்மார்க்கின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தலைநகர் ரெய்க்யாவிக்கில் உயர்பள்ளி ஒன்று மட்டும் இருந்தது, பல்கலைக்கழகம் இல்லை. அப்பள்ளியில் 1881ஆம் ஆண்டு கல்வியை முடித்த எய்னார், மேற்படிப்புக்காக டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனுக்குச் சென்றார். அரசியல், பொருளியல் ஆகிய துறைகளைப் பயிலத் தொடங்கினார். ஆயினும் பட்டம் பெறவில்லை. பாடநூல்களைவிட அந்நகரில் அன்று வீசிய புதிய இலக்கியக் காற்று அவரை ஈர்த்தது.

கெயோர்க் பிராண்டஸ் என்னும் டேனிய இலக்கியத் திறனாய்வாளர், இலக்கியம் கனவுலகைப் பாடுவதை விடுத்து, மக்கள் வாழ்வின் சிக்கல்களை விவாதிக்க வேண்டும் என வலியுறுத்தி வந்தார். அக்கருத்து ஐஸ்லாந்து மாணவர்களின் உள்ளத்தைக் கவர்ந்தது. எய்னார், ஹன்னஸ் ஹாஃப்ஸ்டெய்ன், கெஸ்தூர் பால்சன், பெர்தல் தோர்லெய்ஃப்சன் ஆகிய நால்வரும் இணைந்து 1882ஆம் ஆண்டு 'வெர்தாந்தி' என்னும் இதழை வெளியிட்டனர். வெர்தாந்தி என்பது வட ஐரோப்பியத் தொன்மக் கதைகளில் நிகழ்காலத்தைக் குறிக்கும் தேவதையின் பெயர். பழம்பெருமையை விடுத்து நிகழ்காலத்தைக் காண்போம் என்பதே அப்பெயரின் உட்பொருள்.

அவ்விதழ் ஒரே ஒரு முறைதான் வெளிவந்தது. ஆயினும் ஐஸ்லாந்து இலக்கியத்தில் நடப்பியல் என்னும் போக்கு அதிலிருந்தே தொடங்கியது என்பர் வரலாற்றாசிரியர். உள்ளதை உள்ளவாறு காட்டும் எழுத்தே நடப்பியல். எய்னார் அவ்விதழில் ஒரு சிறுகதை எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

கடல் கடந்தோர்

அதே காலத்தில் ஐஸ்லாந்து மக்களின் வாழ்வில் பெரியதொரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. கடுங்குளிர், மேய்ச்சல் நிலக் குறைவு, வறுமை ஆகியவற்றால் மக்கள் வருந்தினர். 1875ஆம் ஆண்டு அஸ்க்யா என்னும் எரிமலை வெடித்து, கிழக்குப் பகுதியின் மேய்ச்சல் நிலங்களைச் சாம்பலால் மூடியது. கனடா நாட்டில் நிலம் கிடைக்கும் என்னும் செய்தி பரவியது. குடும்பம் குடும்பமாக மக்கள் கப்பலேறினர். 1870 முதல் 1914 வரை ஏறத்தாழ 15,000 பேர் வட அமெரிக்காவுக்குச் சென்றனர். நாட்டின் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ 70,000 தான். ஆகவே ஐந்தில் ஒருவர் அளவுக்கு மக்கள் வெளியேறினர் எனலாம்.

அவர்கள் முதலில் கப்பலில் ஸ்காட்லாந்து சென்று, அங்கிருந்து வேறு கப்பலில் கனடாவின் கிழக்குக் கரையை அடைந்தனர். பின்னர் உள்நாட்டுப் பயணமும் நெடியதாக இருந்தது. 1875ஆம் ஆண்டு வின்னிபெக் ஏரிக்கரையில் கிம்லி என்னும் குடியிருப்பை அமைத்து, அப்பகுதிக்குப் புதிய ஐஸ்லாந்து எனப் பெயரிட்டனர். அடுத்த ஆண்டே பெரியம்மை நோய் பரவி நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அத்தகைய துன்பத்தின் நடுவிலும் 1877இல் அவர்கள் தம் மொழியில் ஒரு செய்தித்தாளைத் தொடங்கினர். 'ஃப்ராம்ஃபாரி', அதாவது முன்னேற்றம், என்பது அதன் பெயர். அது 1880இல் நின்றுபோயிற்று. பின்னர் மக்கள் பலர் வேலை தேடி வின்னிபெக் நகருக்கு வந்து சேர்ந்தனர்.

1885ஆம் ஆண்டு எய்னாரும் தம் டேனிய மனைவியுடன் அந்நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கு அவர் கண்ட தம் மக்கள் சாக்கடை தோண்டியும், இருப்புப்பாதை அமைத்தும், பிறர் வீடுகளில் பணிசெய்தும் வாழ்ந்தனர். ஆங்கிலம் அறியாதவர் கடைத்தெருவிலும் வேலையிடத்திலும் ஊமையர்போல் நின்றனர். ஊரில் பாட்டும் கதையும் அறிந்த அறிவாளராக மதிக்கப்பட்டவர், இங்கே ஒன்றும் அறியாதவராகக் கருதப்பட்டார். தாய்மொழியைப் பற்றிக்கொண்டால் புதிய நாட்டில் முன்னேற இயலுமா, அதை விட்டுவிட்டால் தாம் யார் என்பது மறந்து போகாதா என்னும் இரண்டு அச்சங்களுக்கும் இடையே அவர்கள் தவித்தனர்.

வின்னிபெக்கின் இதழ்கள்

இந்நிலையில் 1886ஆம் ஆண்டு 'ஹெய்ம்ஸ்கிரிங்லா' என்னும் வார இதழ் தோன்றியது. அதனைத் தொடங்கியவர்களுள் எய்னாரும் ஒருவர். உலக வட்டம் எனப் பொருள்படும் அப்பெயர், பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட புகழ்பெற்ற மன்னர் வரலாற்று நூலின் பெயராகும். 1888ஆம் ஆண்டு 'லோக்பெர்க்' என்னும் மற்றோர் இதழ் தொடங்கப்பட்டது. லோக்பெர்க் என்றால் சட்டப் பாறை. பழங்காலத்தில் ஐஸ்லாந்து மக்கள் ஆண்டுக்கு ஒரு முறை கூடிய பேரவையில், ஒரு பாறையின்மீது நின்று நாட்டின் சட்டங்களை உரக்கச் சொல்வர். மக்கள் அனைவரும் கேட்குமாறு உண்மையை உரைக்கும் இடம் என்னும் கருத்தில் அப்பெயர் வைக்கப்பட்டது. லோக்பெர்க்கைத் தொடங்கியவர்களுள் ஒருவரான எய்னார், அதன் ஆசிரியராகவும் பொறுப்பேற்று, 1895 வரை அப்பணியில் இருந்தார்.

அன்று ஓர் இதழை நடத்துவது எளிய செயலன்று. ஆங்கில எழுத்து வரிசையில் இல்லாத சில எழுத்துகள் ஐஸ்லாந்து மொழியில் உண்டு. ஆகவே அவ்வெழுத்துகளுக்குத் தனி அச்சுகள் வேண்டும். எழுத்தை ஒவ்வொன்றாகக் கையால் கோத்தே பக்கங்களை உருவாக்க வேண்டும். வாசகரோ வின்னிபெக் நகரில் மட்டுமன்றி, அமெரிக்காவின் டகோட்டா சமவெளி வரை சிதறிக் கிடந்தனர்.

அவ்விதழ்கள் தாயகச் செய்திகளைத் தந்தன. புதிய நாட்டின் சட்டங்களையும் தேர்தல்களையும் விளக்கின. பிறமொழிக் கதைகளும் ஐஸ்லாந்து மொழியில் தொடராக வெளிவந்தன. ஆங்கிலம் அறியாத முதியவர் ஒருவர் கனடாவின் அரசியலைத் தம் தாய்மொழியிலேயே அறிந்துகொள்ள முடிந்தது. மொழியைப் பாதுகாப்பதும் புதிய நாட்டில் வாழக் கற்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை இவ்விதழ்கள் நாள்தோறும் மெய்ப்பித்தன.

இரு இதழ்களுக்கும் இடையே போட்டியும் இருந்தது. அரசியலில் லோக்பெர்க் லிபரல் கட்சியையும், ஹெய்ம்ஸ்கிரிங்லா கன்சர்வேட்டிவ் கட்சியையும் ஆதரித்தன. சமயக் கருத்திலும் இரண்டும் வேறுபட்டன. 1890ஆம் ஆண்டு ஹெய்ம்ஸ்கிரிங்லாவின் ஆசிரியராக ஐஸ்லாந்திலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் வேறு யாருமல்லர். வெர்தாந்தி இதழை எய்னாருடன் இணைந்து வெளியிட்ட கெஸ்தூர் பால்சன்தான். கோபன்ஹேகனில் ஓரிதழில் எழுதிய நண்பர் இருவர், வின்னிபெக்கில் எதிரெதிர் இதழ்களின் ஆசிரியராயினர். ஆனால் அப்போட்டி நீடிக்கவில்லை. மறு ஆண்டே கெஸ்தூர் பால்சன் அந்நகரிலேயே இறந்தார்.

எய்னாரின் சொந்த வாழ்விலும் துயரம் நேர்ந்தது. அவருடைய முதல் மனைவி வின்னிபெக்கில் காலமானார். பின்னர் 1888ஆம் ஆண்டு கிஸ்லினா என்னும் ஐஸ்லாந்துப் பெண்மணியை அவர் மணந்தார்.

நம்பிக்கைகள்

இதழ்ப் பணியின் இடையே எய்னார் எழுதிய சிறுகதை ஒன்று, அவர் பெயரைத் தாயகத்தில் நிலைநாட்டியது. 1890இல் வெளிவந்த அக்கதையின் பெயர் 'வோனிர்'. நம்பிக்கைகள் என்பது அதன் பொருள்.

கதையின் தலைவன் ஓலாவுர், பண்ணையில் கூலிவேலை செய்யும் எளிய இளைஞன். அவன் தான் சேர்த்த பணத்தைக் கொண்டு, தான் மணக்கவிருந்த பெண்ணை முதலில் கனடாவுக்கு அனுப்புகிறான். பின்னர்த் தானும் பணம் சேர்த்துக் கப்பலேறுகிறான். வின்னிபெக் வந்து இறங்கும்போது அவள் தன்னை வரவேற்கக் காத்திருப்பாள் என நம்புகிறான். அவளோ புதிய நகரின் நடையுடைகளைக் கற்றுக்கொண்டு மாறிவிட்டாள். ஊரிலிருந்து வந்த கசங்கிய உடையும் நாட்டுப்புறத் தோற்றமும் கொண்ட அவனைக் கண்டு நாணுகிறாள். அவனை ஏற்க மறுக்கிறாள். உள்ளம் உடைந்த ஓலாவுர் நகரைவிட்டு வெளியேறி, எல்லையற்று விரிந்த புல்வெளியில் தனியே நிற்கிறான்.

இக்கதை ஏன் சிறந்தது? வெளிநாடு சென்றால் எல்லாம் நலமாகும் எனக் கப்பல் முகவர்கள் பரப்பி வந்தனர். வெளிநாடு சென்றவர் நாட்டைக் கைவிட்டவர் எனத் தாயகத்தில் பலர் பழித்தனர். எய்னார் இவ்விரண்டையும் ஏற்கவில்லை. குடிபெயர்ந்தவரின் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது என்பதை மட்டும் நேர்மையாக எழுதினார். பழைய உறவைக் கண்டு வெட்கப்படும் பெண்ணையும் அவர் கொடியவளாகக் காட்டவில்லை. புதிய ஊரில் மதிப்புப் பெற விரும்பும் ஒருவருக்குத் தன் பழைய தோற்றமே சுமையாகத் தோன்றும் நிலையை அவர் வின்னிபெக் தெருக்களில் கண்டிருந்தார்.

தாயகத்தில் இதழாசிரியர்

வின்னிபெக்கில் பத்தாண்டுகள் வாழ்ந்த எய்னார், 1895ஆம் ஆண்டு ஐஸ்லாந்து திரும்பினார். ரெய்க்யாவிக்கில் பியோர்ன் யோன்சன் நடத்திய 'ஈசாஃபோல்ட்' இதழில் இணையாசிரியரானார். பின்னர் 1901இல் வடபகுதியில் உள்ள அக்குரேரி நகருக்குச் சென்று, 'நோர்தூர்லாந்து' என்னும் இதழுக்கு ஆசிரியராக விளங்கினார். 1904இல் மீண்டும் தலைநகர் வந்து, 'ஃப்யாட்ல்கோனன்' என்னும் இதழை 1906 வரை நடத்தினார். மலைமங்கை எனப் பொருள்படும் இப்பெயர், ஐஸ்லாந்து நாட்டையே ஒரு பெண்ணாக உருவகித்துச் சொல்வது.

அக்காலம் நாட்டின் வரலாற்றில் முதன்மையானது. டென்மார்க்கிடமிருந்து எவ்வளவு உரிமை பெறுவது, எவ்வழியில் பெறுவது என்பது பற்றிக் கடும் விவாதங்கள் நடந்தன. 1904ஆம் ஆண்டு ஐஸ்லாந்து உள்நாட்டு ஆட்சி உரிமை பெற்றபோது, முதல் அமைச்சராகப் பொறுப்பேற்றவர் ஹன்னஸ் ஹாஃப்ஸ்டெய்ன். அவரும் வெர்தாந்தி நண்பர்களுள் ஒருவர். எய்னாரின் இதழ்களோ அவருக்கு எதிரான அரசியல் அணியைச் சார்ந்திருந்தன. இளமையில் ஒரே கனவைக் கண்டவர்கள், அக்கனவை நனவாக்கும் வழியில் வேறுபட்டு நின்றனர்.

இவ்வாண்டுகளில் அவர் கதை எழுதுவதை நிறுத்தவில்லை. 1901ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய சிறுகதைத் தொகுப்புக்குக் கடலுக்கு மேற்கிலும் கிழக்கிலும் எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். மேற்கே கனடா, கிழக்கே ஐஸ்லாந்து. இரு கரைகளிலும் வாழ்ந்த தம் மக்களை ஒரே நூலில் அவர் அருகருகே நிறுத்தினார். 1908இல் 'ஸ்மைலிங்யர்' என்னும் தொகுப்பு வெளிவந்தது. அச்சொல் எளியோரை, பிறரால் பொருட்படுத்தப்படாதவரைக் குறிக்கும்.

நாவல்களும் நாடகங்களும்

இதழாசிரியப் பணியிலிருந்து விலகிய பின் எய்னார் நாவல்கள் எழுதினார். 1908ஆம் ஆண்டு 'ஒஃபூரெஃப்லி' வெளிவந்தது. எதிர்த்து வெல்ல இயலாத பேராற்றல் என்பது அதன் பொருள். புதிய சிந்தனை உடைய இளம் பாதிரியார் ஒருவர் ரெய்க்யாவிக்கில் பணியேற்கிறார். நகரின் செல்வாக்குமிக்கோர் அவரை எதிர்க்கின்றனர். இதன் தொடர்ச்சியாக 1911இல் 'குட்ல்', அதாவது பொன், என்னும் நாவல் வந்தது. அதுவரை ஐஸ்லாந்துக் கதைகள் பெரும்பாலும் பண்ணை வாழ்வையே பேசின. வளர்ந்துவரும் தலைநகரின் வாழ்வை நாவலுக்குக் களமாக்கிய முன்னோடிகளுள் ஒருவர் எய்னார்.

தொடர்ந்து 1916இல் 'சாலின் வக்னார்', 1918இல் 'சம்பீலி', 1924இல் 'மோரி' ஆகிய நாவல்களை வெளியிட்டார். ரன்வெய்க் என்னும் பெண் தன் வாழ்வைத் தானே சொல்வதாக அமைந்த கதைகளையும் எழுதினார். நாடகத் துறையிலும் அவர் பங்கு பெரிது. 1913ஆம் ஆண்டு மேடையேறிய 'லேன்ஹார்தூர் ஃபோகெதி' என்னும் வரலாற்று நாடகம், மக்களைத் துன்புறுத்திய அயல்நாட்டு அதிகாரி ஒருவரை மக்கள் எதிர்த்து நின்ற செய்தியைக் கூறுகிறது. உரிமைக்காக நாடு போராடிய நாளில் அந்நாடகம் மக்கள் உள்ளத்தைத் தொட்டது.

மன்னிப்பைப் பற்றிய விவாதம்

இளமையில் சமூகக் குறைகளைச் சாடிய எய்னார், வயது ஏற ஏற மனித உள்ளத்தின் ஆழத்தை நோக்கித் திரும்பினார். இறந்த பின்னும் உயிர் தொடர்ந்து வாழ்கிறது என்றும், அதனை ஆய்ந்தறிய இயலும் என்றும் அவர் நம்பினார். அதற்கென 1905இல் ஓர் ஆய்வுக் குழு அமைத்தார். 1918இல் தொடங்கப்பட்ட ஆன்ம ஆய்வுச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். இக்கருத்தைப் பலர் ஏளனம் செய்தனர். அறிஞர் பலர் ஏற்க மறுத்தனர். எனினும் அவர் தம் நம்பிக்கையை மறைக்கவில்லை.

அவருடைய பிற்கால நூல்களில் மீண்டும் மீண்டும் வரும் கருத்து மன்னித்தல். தீமை செய்தவரின் உள்ளத்திலும் நன்மையின் விதை உண்டு. அதனைக் கண்டறிந்து அன்பு காட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. 1925ஆம் ஆண்டு சிகுர்தூர் நோர்தால் என்னும் பேராசிரியர் இதனை மறுத்து எழுதினார். எல்லாவற்றையும் மன்னித்துவிட்டால் நன்மைக்கும் தீமைக்கும் உள்ள வேறுபாடு மங்கிவிடும். தீமையை எதிர்க்கும் உறுதி தளர்ந்துவிடும் என்பது அவர் வாதம். எய்னார் விடையளித்தார். இருவரும் மாறி மாறி எழுதிய கட்டுரைகளை நாடே படித்தது.

இவ்விவாதத்தில் வென்றவர் யார் என இன்றும் உறுதியாகக் கூற இயலாது. கடுமையாக மறுக்கப்பட்ட போதும் எய்னார் தம் கருத்தைக் காரணங்களோடு எடுத்துரைத்தார். கருத்து வேறுபாட்டைக் கட்டுரையால் எதிர்கொள்வது இதழாசிரியராக வாழ்ந்த அவருக்குப் பழகிய வழி.

எஞ்சி நிற்பவை

எய்னார் க்வாரன் 1938ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் ரெய்க்யாவிக்கில் மறைந்தார். அவர் பிறந்தபோது டென்மார்க்கின் தொலைதூர மாநிலமாக இருந்த ஐஸ்லாந்து, 1911இல் தனக்கெனப் பல்கலைக்கழகம் அமைத்தது. 1918இல் தன்னாட்சி உடைய நாடாயிற்று. அம்மாற்றங்கள் அனைத்தையும் அவர் கண்ணாரக் கண்டார்.

கடலின் மேற்குக் கரையில் நிகழ்ந்தது என்ன? ஹெய்ம்ஸ்கிரிங்லாவும் லோக்பெர்க்கும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் தனித்தனியே வெளிவந்தன. வாசகர் குறைந்ததால் 1959இல் இரண்டும் ஒன்றாக இணைந்தன. அவ்விதழ் இன்றும் வெளிவருகிறது. ஆனால் அதன் பக்கங்களில் இன்று பெரும்பாலும் ஆங்கிலமே உள்ளது. குடியேறியவரின் பிள்ளைகள் ஐஸ்லாந்து மொழியைப் பேசினர். பேரப்பிள்ளைகள் அதனைப் புரிந்துகொண்டனர். அதற்கடுத்த தலைமுறையினருள் பலருக்குச் சில சொற்களே எஞ்சின.

அப்படியானால் எய்னாரும் அவர் தோழரும் செய்த பணி வீணானதா? இல்லை. மனிடோபா பல்கலைக்கழகத்தில் 1951 முதல் ஐஸ்லாந்து மொழிக்கெனத் தனித்துறை இயங்குகிறது. தம் முன்னோர் எப்படி வாழ்ந்தனர், எதற்கு அஞ்சினர், எதை விரும்பினர் என அறிய விரும்பும் ஒருவர் அங்கு அம்மொழியைக் கற்று, அந்தப் பழைய இதழ்களைப் புரட்டிப் படிக்கலாம். எழுதி வைக்கப்பட்டதால்தான் அவ்வாழ்க்கை அழியாமல் கிடைக்கிறது. பேச்சில் மட்டும் இருந்த மொழி, பேசுவோர் மறைந்ததும் மறைந்துபோகும். எழுத்தில் உள்ள மொழியோ மீண்டும் கற்க விரும்பும் பேரப்பிள்ளைக்காகக் காத்திருக்கும்.

சொற்பொருள்

வழித்தோன்றல் – பரம்பரையில் வந்தவர்
திறனாய்வாளர் – நூல்களின் நிறைகுறைகளை ஆராய்பவர்
தொன்மம் – பழங்காலத்திலிருந்து வழங்கிவரும் தெய்வக் கதை
நடப்பியல் – வாழ்வை உள்ளவாறே காட்டும் இலக்கியப் போக்கு
இருப்புப்பாதை – தொடர்வண்டி செல்லும் தண்டவாளப் பாதை
நாணுதல் – வெட்கப்படுதல்
உருவகித்தல் – ஒன்றை மற்றொன்றாகவே கொண்டு கூறுதல்
ஏளனம் – இகழ்ச்சி

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. எய்னார் க்வாரன் பிறந்த ஊர் ______.
2. நான்கு நண்பர்கள் இணைந்து வெளியிட்ட இதழ் ______.
3. லோக்பெர்க் என்னும் சொல்லின் பொருள் ______.
4. இரு இதழ்களும் ஒன்றாக இணைந்த ஆண்டு ______.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. ஐஸ்லாந்து மக்கள் தாயகத்தை விட்டு வெளியேறக் காரணங்கள் யாவை?
2. வின்னிபெக்கில் ஐஸ்லாந்து மொழி இதழை அச்சிடுவதில் இருந்த இடர் யாது?
3. வெர்தாந்தி நண்பர்களுள் எய்னாருக்கு எதிர் அணியில் நின்ற இருவர் யாவர்?
4. 1901ஆம் ஆண்டு வெளிவந்த தொகுப்பின் பெயர் எதனை உணர்த்துகிறது?

இ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.

1. 'வோனிர்' கதையில் வரும் பெண் ஓலாவுரை ஏற்க மறுத்தது ஏன்? அவள் நிலையில் நின்று எழுதுக.
2. மன்னித்தலைப் பற்றி எய்னாரும் நோர்தாலும் கொண்ட கருத்துகளை ஒப்பிட்டு, உங்களுக்கு உடன்பாடான கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

ஈ. செயல்பாடு

உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், அவர் பிறந்த ஊரைப் பற்றியும் இப்போது வாழும் ஊருக்கு வந்த முதல் நாளைப் பற்றியும் கேளுங்கள். அவர் கூறியதை அவர் பயன்படுத்திய சொற்களை மாற்றாமல் தமிழில் எழுதி, நாளும் இடமும் குறித்து வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.